அண்ணனுக்கு வராத ஐந்து சொற்கள்

குடை, மணல், தேசிக்காய், கதிரை, வாளி. இந்த ஐந்து சொற்களையும் இன்றைக்கும் என்னால் நேராகவும் தலைகீழாகவும் சொல்ல முடியும். இவற்றை மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது நான் அல்ல, என் அண்ணன். எனக்கு அப்போது எட்டு வயது. அவன் கண்டியில் ஒரு கல்லூரியின் ரக்பி அணியில் ஆடிக்கொண்டிருந்தான்.

கண்டியில் ரக்பி என்றால் என்ன என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது சிரமம். சனிக்கிழமை மெட்ச் இருந்தால் கட்டுக்கலையில் எங்கள் மாமாவின் ஹார்ட்வெயார் கடை மதியத்தோடு பூட்டப்படும் என்று மட்டும் சொல்லலாம். மாமா அம்மாவின் தம்பி. பள்ளிக் காலம் முழுவதும் மாற்று ஆட்டக்காரராக வரம்போரத்தில் உட்கார்ந்திருந்து, ஒருநாளும் உள்ளே கூப்பிடப்படாமல் வீட்டுக்கு வந்தவர். அதனால் அணியின் பதினைந்து பேரில் ஒரு தமிழ்ப் பெயர் வந்தபோது, அந்தப் பெயருக்குரியவர் தானே என்பதுபோல் நடந்துகொண்டார். அரை அங்குலப் பைப் வாங்க வருகிறவர்கள் பைப்போடு சேர்த்து மருமகனின் ஓட்டத்தைப் பற்றிய செய்தியையும் வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

அந்தக் கடையில் அண்ணனுக்கு 'கம்பியூட்டர்' என்று பெயர். எந்த அளவுப் பைப், எந்தப் பூட்டு, எந்த வர்ணம், என்ன விலை, போன மாதம் என்ன விலை என்று எதைக் கேட்டாலும் தலையைத் தூக்காமலே சொல்வான். வீட்டிலும் அப்படித்தான். உறவினர்களின் தொலைபேசி எண்கள், பஸ் நேரங்கள், என் வாய்ப்பாடு எல்லாம் அவன் தலைக்குள் இருந்தன. சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து ஜோடி தேடும் விளையாட்டில் ஒருமுறைகூட நான் அவனை வென்றதில்லை. தோற்றதும் அழுவேன். அழுகிறவர்களுக்கு இரண்டாவது ஆட்டம் கிடையாது என்பது அவன் சட்டம்.

அடிபட்டது ஒரு சனிக்கிழமை. எதிரணிப் பையன் ஒருவனைப் பாய்ந்து பிடிக்கப்போனபோது அவன் முழங்கால் அண்ணனின் காதுக்கு மேலே பட்டது. தண்ணீர் ஊற்றி அண்ணனை எழுப்பினார்கள். எழுந்தவன் நேராகப் போய் எதிரணி வரிசையில் நின்றுகொண்டான். மைதானம் முழுவதும் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மாமா. யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட, மீதி ஆட்டத்தையும் ஆடி முடித்தான்.

வீட்டுக்கு வரும்போது த்ரீவீலில், "மாமா, யாரு ஜெயிச்சா?" என்று கேட்டான். மாமா ஒவ்வொரு புள்ளியாக விபரம் சொன்னார். வாவிக்கரையைத் தாண்டியதும் மறுபடி கேட்டான்.

"டேய், எத்தன தரம் கேட்டாலும் நாமதான்டா!" என்றார் மாமா. எங்கள் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் இன்னொரு முறை கேட்டபோது அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவன் வயிற்றில் சாப்பாடு தங்கவில்லை. டியூப் லைட்டைப் போட்டால் கண்ணைத் துவாயால் மூடிக்கொண்டான். நான் கரண்டியைக் கீழே போட்டதற்கு ஒருநாள் அப்படிக் கத்தினான், அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். அம்மா அதைக் கண்ணூறு என்று முடிவு செய்து மிளகாய் சுற்றிப் போட்டாள். மாநகர சபையில் கிளார்க்காக இருந்த அப்பா உஷ்ணம் என்று முடிவு செய்து இளநீர் வாங்கி வந்தார். மாமா எதையும் முடிவு செய்யவில்லை. இறுதி ஆட்டம் வரப்போகிறது என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்திருந்தது.

கல்லூரியின் பழைய மாணவரான ஒரு டொக்டர் அந்த வருடம்தான் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்தார். தலையில் அடிபட்ட பையன்களை அவர் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகே ஆடவிட வேண்டும் என்று புதிதாக ஒரு ஏற்பாடு. சோதனை எளிமையானது. ஐந்து சொற்களைச் சொல்வார்கள், திருப்பிச் சொல்லவேண்டும். பிறகு மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார்கள், கொஞ்சம் பேசுவார்கள். கடைசியில் அந்த ஐந்து சொற்களும் என்னவென்று கேட்பார்கள். அண்ணனுக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. டொக்டர் அவனை ஆடவிடாமல் உட்கார வைத்துவிட்டார்.

அன்று மாமா கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் கறுத்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். கதிரையில் உட்காரும்போதே சிரித்தார்.

"அக்கா, கேளுங்க. அந்த டொக்டருக்குத் தமிழ் தெரியாது. நம்ம புள்ளைகளுக்கு ஒரு மிஸ்தான் வாசிக்கிறாங்க. சிங்களப் புள்ளைகளுக்கு நாலஞ்சு வகையா மாத்தி மாத்திக் கேக்குறாங்களாம். தமிழுக்கு ஒண்ணே ஒண்ணுதான். போன மாசம் அடிபட்ட பையன்கிட்டயும் இதே அஞ்சு வார்த்தைதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

"அவனுக்குக் கொத்துரொட்டி வாங்கிக் குடுத்தேன். சொல்லிட்டான்." மாமா தொடையில் தட்டிக்கொண்டார். "இந்த நாட்டில தமிழனாப் பொறந்ததுக்கு இன்னிக்குத்தான்கா ஒரு லாபம் கெடச்சிருக்கு!"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாகூடச் சிரித்தார்.

ஒவ்வொரு மாலையும் வீட்டுக் கூடம் டொக்டரின் அறையாக மாறியது. அப்பாவின் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு மாமா டொக்டரானார். அண்ணனுக்கு ரோஷம் வரவேண்டும் என்பதற்காக என்னையும் போட்டியில் சேர்த்தார். அவர் சொற்களை வாசிப்பார். பிறகு கடைக் கதை, கோவில் கதை என்று பேச்சை எங்கேயோ கொண்டுபோவார். திடீரென்று விரலை நீட்டுவார்.

நான் முதல் நாளே ஐந்தையும் சொன்னேன். அண்ணன் குடை என்றான், மணல் என்றான். பிறகு சுவரைப் பார்த்தான். அங்கே தொங்கிய கலண்டரைப் பார்த்துவிட்டு, "பூ" என்றான். கலண்டரில் இருந்தது பூ.

"அட, கம்பியூட்டருக்குக் கரண்ட் கட்டாயிருச்சே!" என்றார் மாமா. "பாப்பாவுக்கு ஜெர்சி தைங்கக்கா. இவளையே இறக்கிவிடுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். ஒவ்வொரு நாளும் ஜெயித்ததற்கு எனக்கு மாமா டொபி கொண்டுவந்தார். அவற்றைச் சாப்பிடாமல் ஒரு பழைய பால்மா டின்னில் சேர்த்து வைத்தேன். எனக்கு அவை வெற்றிக் கேடயங்கள்.

ஒரே ஒரு தடவை அப்பா வாயைத் திறந்தார். "அவனுக்கு வரல்லேன்னா, இன்னும் சரியாகல்லேன்னுதானே மச்சான் அர்த்தம்?"

"அத்தான், அதுக்குத்தானே பழக்குறோம்" என்றார் மாமா. அப்பா பத்திரிகையை விரித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் ஒரு பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கடைசியில் மாமா அதை ஒரு கதையாக்கிக் கொடுத்தார். குடை பிடித்துக்கொண்டு மணலில் நடக்கிறாய், தாகத்துக்குத் தேசிக்காய்த் தண்ணீர் குடிக்கிறாய், கதிரையில் உட்கார்கிறாய், வாளியில் கால் கழுவுகிறாய். அண்ணன் அதைப் பாடமாக ஓதினான். குளிக்கும்போது ஓதினான், சோற்றைப் பிசையும்போது ஓதினான். ஒரு கட்டத்தில் சொற்கள் ஒட்டிக்கொண்டன. மாதங்களையும் அப்படியே பின்னோக்கி உருப்போட வைத்தார்கள்.

சோதனை நடந்த அன்று மாமாவே கூட்டிப்போனார். அண்ணன் ஒன்றும் விடாமல் சொன்னானாம். டொக்டர் தோளில் தட்டிக்கொடுத்தாராம். மாலையில் அம்மா கேசரி கிண்டினாள். தட்டை நீட்டியபடி, "டொக்டர் வேற என்னடா கேட்டாரு?" என்று கேட்டாள்.

"எந்த டொக்டர்?" என்றான் அண்ணன்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். பிறகு மாமா அவன் முதுகில் ஓங்கித் தட்டி, "பாத்தீங்களாக்கா, நம்மகிட்டயே நடிக்கிறான், கள்ளன்!" என்றார். எல்லோருக்கும் சிரிக்க ஒரு வழி கிடைத்தது. காலையில் போய்வந்த இடம் அவனுக்கு ஞாபகம் இல்லை. ஐந்து சொற்கள் மட்டும் கல்லில் வெட்டியதுபோல் இருந்தன.

இறுதி ஆட்டத்தில் அவன் ஆடினான். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. யாருடைய தோளோ தாடையில் பட்டது, அவன் விழக்கூட இல்லை. அணி ஜெயித்தது. அன்று எடுத்த படம் இன்னும் மாமாவின் கடையில் கல்லாவுக்கு மேலே இருக்கிறது. அதில் கேடயத்தைப் பிடித்திருக்கும் அண்ணன் கமெராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் எதையோ தேடுகிறான்.

அந்தப் படத்துக்குக் கீழேதான் இப்போது அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு முறை உட்கார்ந்தான், இரண்டு முறையும் பாதியில் எழுந்து வந்தான். கொஞ்சக் காலம் வீட்டில் அதைச் சோம்பல் என்றார்கள், பிறகு கெட்ட சகவாசம் என்றார்கள், பிறகு சனி என்றார்கள். கடையில் ஒவ்வொரு தட்டிலும் மாமா விலையை எழுதி ஒட்டியிருக்கிறார், அவனுக்காக. வெளிச்சம் கண்ணில் படாமலிருக்கத் தொப்பி போட்டிருப்பான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சாமான் கேட்டால் உள்ளே போய்விடுவான். ஆனாலும் மாமா வாடிக்கையாளர்களுக்கு அந்தப் படத்தைக் காட்டி, "அன்னிக்கு இவன் ஓடின ஓட்டம் இருக்கே!" என்று ஆரம்பிப்பார். அண்ணன் அதை வேறு யாரையோ பற்றிய கதைபோலக் கேட்டுக்கொண்டிருப்பான். மாமாவோடு நான் சண்டை போட்டதில்லை. அவர் எங்களுக்குச் செய்ததெல்லாம் அன்பால் செய்தது. அதனால்தான் அவரிடம் எதையும் கேட்க முடியாமல் போயிற்று.

விளையாட்டில் தலையில் அடிபட்ட பிள்ளைகளின் ஞாபகத்தையும் கவனத்தையும் சோதிப்பது இப்போது என் தொழில். தமிழில் என்னிடம் பல சொல் வரிசைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நானே தயாரித்தேன். எதிலும் குடை இல்லை. போன வாரம் வலைப்பந்து ஆடும் ஒரு பெண்பிள்ளையைத் தகப்பன் கூட்டி வந்தார். "புள்ளை நல்லா இருக்கா மிஸ், ஒரு கையெழுத்து வச்சீங்கன்னாப் போதும், மாகாணப் போட்டி இருக்கு" என்றார். மாதங்களைப் பின்னோக்கிக் கேட்டேன். மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். நடுவில் நிறுத்தி, "ஜூலைக்கு முன்னால் என்ன?" என்றேன். அவள் தகப்பனைப் பார்த்தாள். நான் கையெழுத்து வைக்கவில்லை. அவர் என்னை ஏசிவிட்டுப் போனார். வேறு யாரிடமாவது வாங்கியிருப்பார்.

அவள் தகப்பனைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஒரு பின்னேரம், நான் படிக்கட்டில் உட்கார்ந்து டின்னில் இருந்த டொபிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வீட்டுக்குள் யாருக்கும் கேட்காத குரலில், "பாப்பா, உனக்கு மட்டும் எப்படி அதெல்லாம் மனசில நிக்குது?" என்று கேட்டான்.

அண்ணன் என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தது அதுதான் முதல் முறை. நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். "சும்மா கேட்டாலே நிக்குமே" என்றேன். அவன் தலையாட்டினான். சொல்லிக்கொடுத்த பாடத்தை வாங்கிக்கொள்கிறவன்போல இன்னொரு முறையும் தலையாட்டிவிட்டு, என் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு டொபி வேண்டும்போல என்று நினைத்தேன். தோற்றவர்களுக்குக் கிடையாது என்று சொல்லி மூடியை அழுத்தி மூடினேன்.