கரட்டுக்காட்டு அழைப்பிதழ்

பேயாண்டி அண்ணனிடம் நான் கோபப்பட்ட அளவுக்கு வேறு யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். அவருடைய வீட்டம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இப்போது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்தக் கோபத்தில் பாதிக்கு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் நிலோபர். மதுரை டவுனுக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். பதினோரு வருடமாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கரட்டுக்காட்டுக்கு அழைத்துப் போகிறேன். நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே போனால் மேலக்கரட்டுப்பட்டி என்று ஓர் ஊர். ஊருக்குப் பின்னால் மொட்டைக் கரடு ஒன்று, மரமில்லாத பாறைக் குன்று. அதன் அடியில் நாற்பத்திரண்டு ஏக்கர் முள்காடு, நடுவே ஒரு ஓடை, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹால். இதுதான் எங்கள் மாவட்டத்தின் இயற்கைக் கல்வி மையம். உசில மரம், வெள்வேல், ஆவாரை, கள்ளி, இவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். "இதப் பாக்கவா டீச்சர் பஸ் வச்சு வந்தோம்?" என்று ஒவ்வொரு வருடமும் எவளாவது ஒருத்தி கேட்பாள். மூன்று மணி நேரம் கழித்து அவளைத் திரும்ப பஸ்ஸில் ஏற்றுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

அந்த மூன்று மணி நேரம் பேயாண்டி அண்ணனுடையது. காகிதத்தில் அவர் காவலர். கேட்டைத் திறப்பது, ஹாலைக் கூட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்டுவது எல்லாம் அவர்தான். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பதினெட்டு வயதில் முறுக்குக் கம்பெனி வேலைக்கு ஆந்திராவுக்குப் போய், பன்னிரண்டு வருடம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றவர். வலது கையில் முழங்கை வரைக்கும் சுட்ட தழும்பு இருக்கிறது. "நெருப்பு இல்லாத வேல எதுன்னாலும் சரின்னுதான் டீச்சர் இங்க வந்தேன்" என்பார். வந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது.

காட்டுக்குள் அவர் பிள்ளைகளுக்கு முன்னால் நடக்க மாட்டார். கடைசி ஆளாகத்தான் வருவார். முதல் தடவை எனக்கு எரிச்சலாக இருந்தது. வழி காட்டுகிற ஆள் பின்னால் வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். "நான் முன்னால போனா நான் பாக்குறதத்தான் புள்ளைக பாக்கும். பின்னால வந்தா, அதுக பாக்குறத நான் பாக்கலாம்ல" என்றார். அதன் பிறகு நானும் பின்னால்தான் நடக்கிறேன்.

போன ஜனவரியில் கடிதம் வந்தது. மையத்துக்கு நிதி கொடுக்கும் குழு அனுப்பியது. வருகைப் பதிவேட்டின்படி பள்ளி மாணவர்களைத் தவிர யாரும் வருவதில்லை; உள்ளூர் மக்கள் பயன்பாடு இல்லை; எனவே ஏப்ரல் முதல் நிதி நிறுத்தப்படுகிறது. அவ்வளவுதான் கடிதம். நிதி போனால் கேட்டுக்குப் பூட்டு. பூட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இப்போதே பனைமரம் இறங்குகிற ஆழத்துக்கு மண் அள்ளியிருக்கிறார்கள். லாரி உள்ளே வர மூன்று மாதம் போதும். ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் முட்டை வைக்கிற பறவை. அதற்கு வேறு இடம் எங்கே என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நான் நான்கு மனு எழுதினேன். மனு எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பெயர் உண்டு. நான்கில் ஒன்றுக்குப் பதில் வந்தது. மார்ச் இரண்டாம் ஞாயிறு குழுத் தலைவர் மேடம் நேரில் வருவார், உள்ளூர் மக்கள் பயன்படுத்துவதற்கு ஆதாரம் இருந்தால் காட்டலாம் என்று.

ஆதாரத்துக்கு என்ன குறை? காலையில் போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுகிற பையன்கள், ஆவாரம்பூ பறிக்க வருகிற பெண்கள், சாயங்காலம் மரத்தடியில் கதை பேசுகிற பெரியவர்கள் என்று அங்கே ஒரு நாளைக்கு ஐம்பது பேராவது வந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். போய்ப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு பெயர்கூட இல்லை.

"என்னண்ணே இது? ஊருக்காரங்க ஒருத்தர் பேருகூட எழுதலையா?"

"அவுகளா? அவுக நம்மாளுக டீச்சர்."

"நம்மாளுன்னா எழுதக்கூடாதா?"

அவர் பதிவேட்டின் தலைப்பில் விரலை வைத்தார். பெயர், நிறுவனம், வருகையின் நோக்கம். "ஒச்சாயி அக்காட்டப் போயி, நீங்க எந்த நிறுவனம், எதுக்கு வந்தீகன்னு கேக்கச் சொல்றீகளா? அந்தக்கா வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து இங்கிட்டுத்தான் வெறகு பெறக்குது. கேட்டா அப்பறம் என் மூஞ்சியில முழிக்குமா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மூன்று வருடத்துப் பெயர்களையும் உட்கார்ந்து இப்போதே எழுதிவிடலாம், கையெழுத்தை என் பிள்ளைகளை விட்டுப் போடச் சொல்கிறேன் என்றேன். ஒரு டீச்சர் சொல்கிற பேச்சா அது! அவர் என்னைத் திட்டவில்லை. பதிவேட்டை மூடி, "அது வேணாம் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வீடு வீடாகப் போய், இன்றிலிருந்தாவது வரும்போது கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஒச்சாயி அக்கா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாராம்: "வந்து போறவன்னு எழுதிக்குடுத்தா, நாளைக்கு என்னைய வந்து போறவதானம்பான். நான் ஒண்ணும் வந்து போறவ இல்ல."

அண்ணன் அந்தப் பேச்சை இரண்டு நாள் மனதிலேயே போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் எனக்கு போன் வந்தது. "டீச்சர், ஒங்க அண்ணன் பத்திரிக்க அடிக்கிறாருல்ல?"

என் அண்ணன் சிக்கந்தர் அச்சகம் வைத்திருக்கிறார். எங்கள் மதுரைப் பக்கத்துப் பத்திரிகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காதணி விழா என்றால்கூட எட்டுப் பக்கத்துக்கு அழைப்பிதழ் போடுவார்கள். ஏழு பக்கம் பெயர்கள்தான். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று தொடங்கி, தாய்மாமன்கள், சித்தப்பன்மார், பங்காளிகள் என்று அது பாட்டுக்குப் போகும். அதில் பெயர் இருந்தால் நீங்கள் விருந்தாளி இல்லை, அழைக்கிற ஆள். முதல் ஆளாய் வந்து வாசலில் நின்று, வருகிறவர்களை வாங்க என்று சொல்ல வேண்டும். பெயர் விட்டுப்போனால் ஏழு வருடத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

"அவுக வந்து போறவுக இல்லைல டீச்சர். அப்ப அழைக்கிறவுகதான? அந்த மேடத்துக்குப் பத்திரிக்க வைப்போம்" என்றார்.

"என்ன விசேஷம்னு போடுறது?"

"விசேசமெல்லாம் வேணாம். எங்க காட்டுக்கு வாங்கன்னு போடச் சொல்லுங்க."

நான்கு மனுவில் நான் எழுதாததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். இரண்டே நாளில் பட்டியல் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். யாரையும் கேட்காமல், பதினாறு வருடம் கேட்டில் நின்று பார்த்த முகங்களை நினைவிலிருந்தே எழுதியிருந்தார். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் தகப்பனார் பெயர், பட்டப்பெயர் எல்லாம் போட்டு. நான் பிழை பார்த்தேன், சிக்கந்தர் அண்ணன் அச்சடித்தார், ஊரெல்லாம் வீட்டுக்கு வீடு வெற்றிலை பாக்கோடு வைத்தாயிற்று.

நான்காம் நாள், நானும் அண்ணனும் ஹாலில் இருந்தபோது ஓர் ஆள் உள்ளே வந்து பத்திரிகையை மேஜை மேல் விசிறி அடித்தார். ஆடு மேய்க்கிற சோணை. ஆறு வருடத்துக்கு முன்னால் கவுதாரிக்குக் கண்ணி வைத்து அண்ணனிடம் பிடிபட்டவர். அண்ணன் கண்ணியை அறுத்தெறிந்து, ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துப் போயிருக்கிறார். அன்றிலிருந்து இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

"எம்பேரு எங்க?" என்றார் சோணை.

"கண்ணி வச்சவன் பேர எதுல போடச் சொல்ற?"

"வச்சது அன்னைக்கு. இப்ப தெனம் காலம்பர வடக்கு வேலிச் சந்து வழியா வாரேன், போறேன், ஒனக்குத் தெரியுமா? ஓடைப் பக்கம் எத்தன சோடி கவுதாரி கெடக்கு, சொல்லு பாப்போம்."

"எட்டு" என்றார் அண்ணன்.

"பதினொண்ணு. நீ கூப்புட்டா மூணு சோடி பதில் குடுக்காது. நான் கூப்புட்டாக் குடுக்கும்." சோணை பத்திரிகையைத் திரும்ப எடுத்து விரித்தார். "ஊர்ல நண்டு சிண்டு பேரெல்லாம் இருக்கு. எம்பேரு மட்டும் இல்ல. எம்பொஞ்சாதி கேக்குறா, நீ இந்த ஊருதானான்னு."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "தகப்பனார் பேரு சேத்துப் போடவா?" என்று கேட்டார். சிக்கந்தர் அண்ணன் போனில், கல்யாணத்துக்கே யாரும் இரண்டாம் தடவை அடிக்கச் சொன்னதில்லை என்று கத்தினார். கத்திக்கொண்டே அந்தப் பக்கத்தை அடித்துக் கொடுத்தார். அதோடு சேர்த்து ஒன்றை மேடத்துக்கும் அனுப்பினோம்.

ஞாயிறு காலை நான் போய் இறங்கும்போது கேட்டில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளை வேட்டி, பட்டுச்சேலை. யாரோ மைக் செட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் அதை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார். மேடம் காரை விட்டு இறங்கியதும் முந்நூறு வாயும் ஒன்றாய், "வாங்க, வாங்க" என்றது. சரண்யாதேவி என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும். சிரிக்கவில்லை.

"இவங்களை எல்லாம் நீங்க கூட்டிட்டு வந்தீங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"இவங்கதான் மேடம் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க" என்றேன்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பத்திரிகையை நடுவில் பிரித்து, ஒரு பெயரில் விரல் வைத்து, "மொக்கையன் யாரு? இங்க என்ன செய்வீங்க?" என்றார். ஒரு பெரியவர் கையைத் தூக்கி, "வெயில் தாழுற மட்டும் அந்த உசில மரத்தடியில படுத்திருப்பேன் தாயி" என்றார். கூட்டம் சிரித்தது. மேடம் இன்னும் பத்துப் பேரைக் கூப்பிட்டார். பத்துப் பேரும் இருந்தார்கள். ஒருத்தருடைய பதில் மாதிரி இன்னொருத்தர் பதில் இல்லை. சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்த கூட்டம் என்றால் அப்படி வராது.

கடைசியாக, என்னென்ன பறவை இருக்கிறது என்பதற்குக் கணக்கெடுப்பு உண்டா என்று கேட்டார். அண்ணன் சோணையைப் பார்த்தார். சோணை ஓடைக்கரையில் போய் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கவுதாரி போலவே கூப்பிட்டார். ஆவாரம் புதரிலிருந்து ஒன்று பதில் சொன்னது. கள்ளிப் பக்கமிருந்து இன்னொன்று. பிறகு கரட்டடி முழுக்கச் சத்தம். மேடம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

மார்ச் முப்பதாம் தேதி அண்ணன் போன் செய்தார். "டீச்சர், காடு தப்பிச்சிருச்சு!" நான் வகுப்பென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். சாயங்காலம் ஓடிப்போய் உத்தரவை வாங்கிப் படித்தேன். முதல் பத்தியில் நிதி தொடரும் என்று இருந்தது. இரண்டாம் பத்தியை அண்ணன் எனக்குச் சொல்லவில்லை. இவ்வளவு ஈடுபாடுள்ள உள்ளூர் மக்களே காட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால், காவலர் பணியிடம் நீக்கப்படுகிறது என்று இருந்தது.

நான் அங்கேயே அழுதேன். ஐந்தாவது மனு எழுதினேன். பதில் வரவில்லை. "விடுங்க டீச்சர். நம்ம கேட்டது காட்டுக்குத்தான. எனக்குன்னு கேக்கலையே" என்றார் அவர். ஊரில் குழு போட்டு முறை வைத்தார்கள். காலையில் சோணை, மத்தியானம் ஒச்சாயி அக்கா என்று. அண்ணன் காளவாசலில் ஒரு ஜவுளிக்கடைக்குச் செக்யூரிட்டியாகப் போனார். நீலச் சட்டை போட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்கிற வேலை. அந்தக் கடை வாசலைக் கடக்கும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். என்னால் அவரை அங்கே பார்க்க முடியவில்லை.

வைகாசியில் சோணையின் மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. பிழை பார்த்த பழக்கம், ஒரு பெயர் விடாமல் படித்தேன். தாய்மாமன்கள் வரிசை முடிந்து சித்தப்பன்மார் வரிசையில் இருந்தது: 'பேயாண்டி, கரட்டுக்காடு.' உசிலம்பட்டி என்று போடவில்லை.

சட்டென்று ஒரு சந்தேகம் வந்து, பீரோவிலிருந்து எங்கள் பழைய பத்திரிகையை எடுத்து எட்டுப் பக்கமும் தேடினேன். முந்நூற்றுப் பதின்மூன்று பேரில் அவர் பெயர் இல்லை. ஊரில் ஒருவரை விடாமல் எழுதிய மனுஷன் தன்னை விட்டுவிட்டார். பிழை பார்த்த எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. சோணைக்குத் தெரிந்திருக்கிறது.

கல்யாணத்தன்று காலை மண்டப வாசலில் சோணைக்குப் பக்கத்தில், புது வேட்டி கட்டி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். யார் என்னவென்று பார்க்காமல் எல்லாரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கிண்ணத்தைச் சோணை கையில் திணித்துவிட்டு முன்னால் வந்தார்.

"வாங்க டீச்சர். எங்க வீட்டுக் கல்யாணம், சாப்பிடாமப் போனீகன்னா அப்பறம் நான் பேசவே மாட்டேன்" என்றார்.