எஞ்சினைச் சரிபார்த்தவரும் ஏறினார்

இன்று காலை தூத்துக்குடியிலிருந்து சென்னை விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். எஞ்சினில் ஏதோ கோளாறாம். நானும் எல்லாரோடும் சேர்ந்து புலம்பிக்கொண்டிருந்தேன்.

காத்திருப்புக் கூடத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு விசைப்படகு மெக்கானிக். முதல் விமானப் பயணமாம். கவுண்டர் பெண்ணிடம் போய், “சரிபண்ணுன ஆளும் கூட வாராராம்மா?” என்று கேட்டார்.

அந்தப் பெண் சிரித்தாள். நானும்தான்.

அவர் சிரிக்கவில்லை. “எங்க போட்ல எஞ்சினக் கழட்டி மாட்டுனவன் மொத நாள் கடலுக்குக் கூட வரணும். அப்பதான் ஆளுக ஏறுவாக.”

“அந்தக் காலத்துல ஏரோப்பிளேன் மெக்கானிக்கும் கூடவே பறப்பாராம் அண்ணாச்சி” என்றேன்.

“அப்படியா? அவுக பேரு என்ன?”

ஓட்டியவர்கள் பெயர் நாலைந்து சொல்லுவேன். மெக்கானிக் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை.

விமானத்தைச் சரிபார்த்தவர் சென்னைக்குத் திரும்ப வேண்டியவராம். கிரீஸ் படிந்த சட்டையோடு ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அண்ணாச்சி எழுந்து போய், சென்னைக்குக் கொண்டுபோன மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, பெயர் கேட்டுவந்தார்.

செல்வின்.

நன்றி செல்வின். பத்திரமாக வந்து சேர்ந்தோம்.

உங்களில் யாருக்காவது ஒரு விமான மெக்கானிக் பெயர் தெரியுமா? பைக் மெக்கானிக்கைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது.