இடது கை முதலில்

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று ஒரு துணிகூட வாங்கி வைக்க மாட்டார்கள். ஆகாது. தொட்டில் வாங்கக் கூடாது, பவுடர் டப்பா வாங்கக் கூடாது, யோசித்து வைத்த பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடக் கூடாது. அதனால் என் மகள் பிறந்தபோது அவளைச் சுற்றி எடுக்க எங்களிடம் இருந்தவை, என் அக்கா பாகூரிலிருந்து கொண்டுவந்த பழைய வேட்டித் துண்டுகள் மட்டும்தான். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன துண்டுகள். என் கணவர், தகப்பனாகிவிட்ட வேகத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நேரு வீதிக்குப் போய் ஒரு கவுன் வாங்கி வந்தார். ரோஸ் கலர். அடுக்கடுக்காக வலைத்துணி, கழுத்தில் முத்து, முதுகில் ஜிப். ஒரு வயதுப் பிள்ளைக்குத் தைத்தது. அதற்குள் என் மகளைப் போட்டால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

"நல்லா இருக்கில்ல?" என்றார்.

"இருக்கு" என்றேன்.

பிள்ளை முகத்தைப் பார்த்ததும் ஆனந்தக் கண்ணீர் வரும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பசித்தது. இட்லி கேட்டேன். அக்கா பிட்டுப் பிட்டு ஊட்டிக்கொண்டே, "தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதான்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிரசவத்தில் தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. குழந்தை பெரிசு. தோளை விடுவித்து எடுத்ததில் கழுத்தோரமாகக் கைக்குப் போகிற நரம்பு இழுபட்டுவிட்டது. அதில் யார் மேலும் தப்பில்லை. அப்படி எடுக்காமல் விட்டிருந்தால் பிள்ளையே கிடைத்திருக்காது. இடது கை, கொடியில் காய்கிற சட்டையின் கை மாதிரி நேராகத் தொங்கியது. விரல்கள் மட்டும் மடங்கும். முழங்கை மடங்காது, தோள் எழும்பாது.

"பெரும்பாலும் தானாவே திரும்பிடும்" என்றார் டாக்டர். "கைய மடக்கி வாய்க்குக் கொண்டு போறாளான்னு பாத்துக்கிட்டே இருங்க. மூணு மாசத்துக்குள்ள அது வந்துட்டா கவலையில்ல. வரலன்னா ஆபரேஷன் பத்திப் பேசணும்."

எங்களுக்குக் கிடைத்த கெடு அதுதான். வார்டிலிருந்து கிளம்பும்போது நர்ஸ் ஒருவர் துணி மாற்றுவதைச் சொல்லிக்கொடுத்தார். போடும்போது அந்தக் கை முதலில். கழற்றும்போது அந்தக் கை கடைசி. தலை வழியாக மாட்டுகிற எதுவும் வேண்டாம். முன்பக்கம் முழுக்கத் திறந்து, நாடா வைத்துக் கட்டுகிற சட்டைதான் சரி. கையைச் சட்டைக்குள் திணிக்கக் கூடாது. சட்டைக் கைக்குள் நம் விரலை விட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து, துணியை மேலே ஏற்ற வேண்டும்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு மாடியில். கீழே ஒரு வெல்டிங் பட்டறை. அந்தச் சத்தத்தில் அசையாமல் தூங்குகிற பிள்ளை, சட்டை மாற்றினால் மட்டும் ஊரைக் கூட்டும். என் கணவர் முதல் நாளே தவறுதலாக வலது கையை முதலில் மாட்டிவிட்டு, இடது கைக்கு எட்டாத சட்டையை இழுத்துவிட்டார். அவள் கத்திய கத்தலில் பட்டறைக்காரரே படியேறி வந்து எட்டிப் பார்த்தார். அதன் பிறகு என் கணவர் தன் சட்டையை வைத்துப் பழக ஆரம்பித்தார். சேதராப்பட்டு கம்பெனிக்கு ஷிப்டுக்குக் கிளம்பும்போது, கண்ணாடி முன்னால் நின்று, யூனிபார்முக்குள் இடது கையை முதலில் விட்டு, அப்புறம் வலது கையை விடுவார். இன்றைக்கும் அப்படித்தான் மாட்டுகிறார்.

நான் தவறு செய்யவில்லை. ஒரு தடவைகூட. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எனக்குக் கை நடுங்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளை மேல் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வெறுப்பும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும்? நம் கன்னம்தான், ஆனால் யாருடையதோ மாதிரி. அப்படி இருந்தது. நேரத்துக்குப் பால் கொடுத்தேன். நேரத்துக்குத் துணி மாற்றினேன். சொல்லிக்கொடுத்தபடி அந்தக் கையை மெல்லத் தூக்கி, மடக்கி, நீட்டி, இறக்கினேன். அது கூடவே வரும், விட்டால் விழும். பார்க்கிறவர்கள் "எவ்ளோ பொறுமை!" என்றார்கள். பொறுமைக்கும் மரத்துப்போவதற்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது போலிருக்கிறது.

அக்காவுக்குத் தெரிந்தது. அவள் என் முகத்தைப் பார்ப்பாள், போய் மிளகு ரசம் வைப்பாள்.

என் கணவரின் சித்தி பிரான்சில் இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். பேத்தி பிறந்த சேதி கேட்டு ஒரு பார்சல் அனுப்பினார். கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே உடுப்பு, மழைமேக நிறத்தில், தொட்டால் வெண்ணெய். அக்காவே அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பித்தான்கள் எல்லாம் முதுகில். போட வேண்டுமென்றால் பிள்ளையைக் குப்புறப் போட்டு இரண்டு கையையும் முன்பக்கம் நீட்ட வேண்டும். நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"அடிப்பாவி! மஞ்சள் வெச்சிகூட முடியல, புதுத் துணில கத்திரி வெக்கிறியே?" என்று அக்கா கையைப் பிடித்தாள்.

"முதுகுல திறந்தா எனக்கு உதவாதுக்கா."

"அதுக்கு? எடுத்து வை. பெருசானதும் போடலாம்."

பெரிசானதும் அந்தக் கை எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவளும் அதை அப்போதுதான் நினைத்திருப்பாள், என் கையை விட்டுவிட்டாள். நான் கழுத்திலிருந்து இடது தோள் வழியாக மணிக்கட்டு வரை வெட்டினேன். பிறகு நடுநெஞ்சிலிருந்து கால் வரை. வெட்டும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். அவ்வளவு நல்ல துணி, அவ்வளவு சுலபமாக வெட்டுப்பட்டது. ஓரம் மடித்து, நாடா வைத்து, உட்கார்ந்து கையாலேயே தைத்து முடித்தேன். அதற்கு மேல் அக்காவின் வேட்டித் துண்டுகளிலும் நாலு சட்டை தைத்தேன். படுக்க வைத்து, விரித்து, மூடி, கட்டினால் போதும். பார்க்கப் பொட்டலம் மாதிரி இருக்கும். பிள்ளை அழாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீடியோவில் வந்தார். அவருக்குக் கையைப் பற்றிச் சொல்லவில்லை. அக்காவைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளைக்கு அவர் அனுப்பிய உடுப்பைப் போட்டு, வெட்டிய பக்கம் தெரியாதபடி அக்கா ஒரு துண்டால் மூடினாள்.

"பொன்ழூர், கண்ணு! அளவு சரியா இருக்கா? எவ்ளோ பொருத்தமா இருக்கு பாரு!"

"கச்சிதமா இருக்கு சித்தி" என்றார் என் கணவர்.

"சின்ன ஆயாவுக்கு டாட்டா சொல்லு. கைய ஆட்டு, கைய ஆட்டு!"

நான் அவள் வலது கையைப் பிடித்து ஆட்டினேன். சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. என் கணவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனார். நான் பருத்திப்பால் சாப்பிட்டேனா, தூக்கம் வருகிறதா என்று சித்தி கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் கணவர் இறங்கி வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. நான் அதையும் பார்த்தேன். சோறு போடட்டுமா என்று கேட்டேன்.

தீட்டுக் கழித்த அன்றைக்கு அக்கா வசம்பு வளையல் கட்டினாள். வசம்பைத் துண்டு துண்டாக நறுக்கி, நடுவில் கறுப்பு வெள்ளை மணி வைத்துக் கோத்த வளையல், இரண்டு கைக்கும் ஒவ்வொன்று. பிள்ளை கையைச் சப்பும்போது வசம்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும், வயிற்றுக்கு நல்லது என்பார்கள். சட்டைக் கையில் மாட்டிக்கொள்ளும், வேண்டாம் என்றேன்.

"மாட்டாம போடு. இது இல்லாம எந்தப் புள்ள வளந்துச்சி?" என்றாள். இடது கையில் கட்டும்போது முடிச்சை ரொம்ப நேரம் போட்டாள்.

வாரங்கள் போயின. வலது கை தன் வேலையைக் கற்றுக்கொண்டது. முதலில் மூக்கில் இடித்தது, அப்புறம் கன்னத்தில், அப்புறம் வாய். ஒரு தடவை வழி தெரிந்ததும் நாள் முழுக்க அங்கேதான். வலது வளையலின் வசம்பு ஊறி, நார் நாராகி, நூல் அழுக்கேறி அறுந்தது. அக்கா வேறு கோத்துக் கட்டினாள். அதுவும் ஊறிப்போனது. இடது கை வளையல் கட்டிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வெட்டின முனைகூட மங்கவில்லை. குளிப்பாட்டும்போது நனையும், மின்விசிறிக் காற்றில் காயும். அதை நான் பார்ப்பதை அக்கா பார்த்தாள். அவள் பார்ப்பதை நான் பார்த்தேன்.

நடவு வந்துவிட்டது என்று அக்கா பாகூருக்குக் கிளம்பினாள். பஸ்ஸுக்குப் போகும்போது பிள்ளையின் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஒரு தடவ அழுதுட்டா தேவல" என்றாள். "எனக்கு அழுக வரலக்கா" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. ஆபரேஷன் என்றால் எங்கே, யார் வீட்டில் தங்குவது என்றெல்லாம் என் கணவர் விசாரிக்கத் தொடங்கியிருந்தார். எனக்குப் பயமாகக்கூட இல்லை. கொண்டுபோகிற பைக்கு எத்தனை சட்டை வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அவர் வேலைக்குப் போன பிறகு, குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, பாலைக் கக்கியிருந்தாள் என்று சட்டை மாற்ற உட்கார்ந்தேன். நாடாவை அவிழ்த்தேன். வலது கையை எடுத்தேன். கடைசியாக இடது கை. சட்டைக்குள் விரலை விட்டு மணிக்கட்டைப் பிடித்தபோது வளையல் ஈரமாகப் பட்டது.

பால் வழிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கத்துச் சட்டையில் கறை எதுவும் இல்லை. முகர்ந்து பார்த்தேன். பால் வாடை இல்லை, வசம்பும் எச்சிலும்தான். ஒருவேளை என் கை ஈரமாக இருந்ததோ? புடவைத் தலைப்பால் வளையலை அழுத்தி அழுத்தித் துடைத்தேன். காய்ந்ததும் சட்டை போடாமல் அவளை அப்படியே பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து எதிரில் உட்கார்ந்தேன்.

குக்கர் விசில் அடித்தது. எழுந்திருக்கவில்லை. திரும்ப அடித்தது. அவள் வலது கை மெல்ல வாய்க்குப் போனது, வழக்கம்போல. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குக் கோபம் வந்தது, முகம் சிவந்தது. அப்போது இடது கை பாயிலிருந்து எழும்பியது. நிறைகுடத்தைத் தூக்குகிற மாதிரி, அவ்வளவு சிரமத்தோடு. விழுந்தது. மறுபடியும் எழும்பியது. முழங்கை மடங்கியது. மடங்கி, தாடையில் இடித்து, உதடு தேடி, வளையல் வாய்க்குள் போனது. சப்பினாள்.

அவருக்குப் போன் செய்திருக்க வேண்டும். ஷிப்டில் போன் எடுக்க மாட்டார்கள். அக்காவுக்குச் செய்தேன். பின்னால் பம்பு செட்டு ஓடுகிற சத்தம்.

"இன்னாடி? புள்ளைக்கு இன்னா?"

"அக்கா, வளையல் ஈரமா இருக்கு."

பம்பு செட்டுச் சத்தத்திலிருந்து அவள் தள்ளி நடந்து வருவது கேட்டது.

"எந்தக் கை?" என்றாள்.

சொல்ல வாயைத் திறந்தேன். பிள்ளை பிறந்ததிலிருந்து வராத அழுகை மொத்தமாக வந்தது. கீழே பட்டறையில் சத்தம் நின்றது. போனில் அக்கா, அவளும் அழுதுகொண்டு, "எந்தக் கைடி, சொல்லித் தொலையேண்டி, எந்தக் கை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.