பாவுக்கு இருபுறமும் ஒரு கம்பளிப் படம்

எழுபதுகளின் தொடக்கத்தில் அரசு வண்டியில் ஊர் ஊராகப் படம் காட்டுவது என் வேலை. எந்த ஊருக்கு எந்தப் படம் என்பதை மேலிடம் தீர்மானிக்கும். அதனால்தான் பட்டு நெய்யும் பெரிய காஞ்சிபுரத்துக்கு, சித்திரை மாதத்தில், மலைநாட்டுக் கம்பளி நெசவைப் பற்றிய பழைய ஆவணப்படம் வந்தது.

பொழுது சாயும் நேரம் தெருவுக்குள் நுழைந்தால், நடுவில் பட்டுப் பாவு, தறியில் ஏற்றுவதற்கான நெடுக்கு இழைகள். காலையில் கோடை மழை கெடுத்ததால், பிற்பகலில்தான் கஞ்சி போட்டுத் தெரு நீளத்துக்கு நீட்டியிருந்தார்கள். காயாமல் சுருட்டினால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். கால் பட்டால் அறுந்துவிடும்.

நெசவாளியின் மனைவி வண்டியை மறித்தார்.

“இன்னிக்கு வேணாம் சார். இது கெட்டுதுன்னா மொதலாளி இனிமே எங்களுக்குப் பாவே தரமாட்டாரு.”

நிகழ்ச்சியை ரத்து செய்யும் அதிகாரம் ஒருவருக்கு உண்டு. அவர் சென்னையில் இருந்தார்.

கணவர் சமாதானம் சொன்னார். “ரெண்டு பக்கமும் உக்காந்து பாக்கட்டுமே. எல்லாம் நம்ம ஜனம். பாவுன்னா இன்னான்னு தெரியாதவனா இருக்கான்?”

தெருமுனையில் திரை கட்டினோம். அந்த அம்மாள் படம் பார்க்கவில்லை, கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் ஆட்டுக்கு மயிர் கத்தரித்தார்கள்.

“இன்னாபா, ஆட்டுக்கு மொட்டை அடிக்கிறான்! எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கினானோ?”

சிரித்தார்கள். பிறகு திரையில் தறி வந்தது. சிரிப்பு நின்றது. எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

திரையில் ஓர் இழை அறுந்தது. கம்பளிக்காரர் கவனிக்காமல் நெய்துகொண்டே போனார்.

“இழை போச்சுபா! நிறுத்துய்யா!”

தெருவே எழுந்தது. ஓரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் திரை கோணலாகத் தெரிந்ததால், இரண்டு பக்கமும் நடுவை நோக்கிப் பாய்ந்தார்கள். பாவு தெரிந்த ஜனம்தான், அறுந்த இழையை முடிச்சிடக் கை பரபரத்தது.

“ஐயோ, காலு! காலு!” என்று அந்த அம்மாள் அலறியது யார் காதிலும் விழவில்லை.

படத்தை நிறுத்தினால் தெரு இருண்டுவிடும், கால்கள் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. நான் வண்டியின் முன்விளக்குகளைப் போட்டேன்.

திரை வெளுத்துப்போனது. தெருவின் நடுவே பாவு மட்டும் பளபளத்தது. தூக்கிய கால்கள் அப்படியே நின்றன.

படம் யாரும் பாராமல் ஓடி முடிந்தது. நிகழ்ச்சி முழுமையாக நடைபெற்றதாக எழுதிக்கொடுத்தேன், பொய்யில்லை. அதற்குள் தெருவே சேர்ந்து, ஈரம் போய்விட்டதைத் தடவிப் பார்த்து, பாவைச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தது. ஓர் இழைகூடப் போகவில்லை.

அந்த அம்மாள் திரும்பி வந்தார். “படத்துல அந்த ஆளு அறுந்த இழைய முடிஞ்சானா சார்?”

எனக்கும் தெரியவில்லை. ஒரே இடத்தில் ஒரே படத்தை இரண்டாம் முறை காட்ட விதியில்லை. காட்டக் கூடாது என்றும் விதியில்லை. ரீலைத் திருப்பிச் சுற்றினேன். இந்த முறை அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார்.