டீவியில் வரும் அப்பா

இரண்டு இரப்பர் வளையங்களையும் உதட்டில் கவ்விக்கொண்டு, சுதேஷ் மகளுக்கு வகிடு எடுத்துக்கொண்டிருக்கிறார். கண்டியில் ஒரு புடவைக்கடையில் நாள் முழுக்கச் சேலை விரித்து மடிக்கிற விரல்கள். பின்னல் இம்மி பிசகாது. மனைவி புஷ்பம் ஆஸ்பத்திரி வார்டு வேலைக்கு முதல் பஸ்ஸிலேயே போய்விடுவதால், அம்பிட்டிய மேட்டு வீட்டில் காலை நேரம் அவருடையது. தேங்காய்ச் சம்பல் அரைக்கும்போதுகூடக் கடை ஞாபகத்தில், "எடுங்கம்மா, சாயம் போகாது" என்பார்.

போன மாதம் ஒருநாள் ஏழு வயது தர்ஷிகா சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

"டீவியில அப்பாமாரு தலை பின்ன மாட்டாங்க."

"வேற என்னதான் செய்வாங்க மகள்?"

"பேக்கோட வருவாங்க. காப்பி கேப்பாங்க. புள்ளயத் தூக்கிச் சுத்துவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்கதான் பின்னுறதுன்னு இஸ்கூல்ல சொல்லிராதீங்க" என்றாள்.

அந்தக் கடைசிப் பேச்சு சுருக்கென்று தைத்தது. ஆனால் சுதேஷ் கோபிக்கிற ஆள் இல்லை. எதையும் நோண்டிப் பார்க்கிற ஆள். அன்று முதல் கடை விட்டு வந்ததும் மகளோடு உட்கார்ந்து நாடகம் பார்க்கிறார். விளம்பரத்தையும் விடுவதில்லை.

"இந்த அப்பா வீட்டுக்குள்ளயும் சப்பாத்தோடயே இருக்காரே, காலு நோகாதா?"

பிறகு, "புள்ளைக்குச் சோறு ஊட்டுறப்ப இவரு எங்க போயிட்டாரு?"

"அவருக்கு மீட்டிங்," என்று தர்ஷிகா பொறுமையாக விளக்குவாள்.

சென்ற ஞாயிறு, பக்கத்து வீட்டு யசோதாவும் அவளும் முற்றத்தில் வீடு விளையாடினார்கள். யசோதா அம்மா. தர்ஷிகா அப்பா; தோளில் புத்தகப் பை, வரவழைத்த கட்டைக் குரல்.

"காப்பி எங்க?"

"தேத்தண்ணிதான் இருக்கு." யசோதா மடியிலிருந்த பொம்மையை நீட்டினாள். "புள்ளைக்கு வாந்தி வருது. புடிங்க."

தர்ஷிகா திகைத்து நின்றாள். மீட்டிங் இருப்பதாகச் சொல்லிப் பார்த்தாள். யசோதா விடவில்லை. எந்த நாடகத்திலும் இப்படியொரு கட்டம் வந்ததில்லை. ஜன்னலருகே வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்த சுதேஷிடம் திரும்பினாள்.

"அப்பா, இப்ப என்ன செய்யணும்?"

சுதேஷ் வெங்காயத்தைக் கீழே வைத்தார். வெளியே வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் குந்தினார். இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து, பொம்மையின் வாய்க்குக் கீழே ஏந்தினார்.