பாதி அவனுடையது

திரையில் சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தன. நடுவே ஒன்று மட்டும் வாலை வீசிக்கொண்டு நேராகப் போனது. அந்த அம்மா சுட்டுவிரலைத் திரைமேல் வைத்து, அது போன வழியெல்லாம் கூடவே நகர்த்தினார். விளிம்பைத் தாண்டி அது மறைந்த பிறகும் விரலை எடுக்கவில்லை. திருப்பூரில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையின் ஆய்வகத்தில் கருமுட்டைகளையும் விந்தணுக்களையும் கையாளுவது என் வேலை. எத்தனையோ பேருடைய அணுக்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்களின் முகம் மறந்துபோகும். அந்த அம்மாவின் முகம் மட்டும் மறக்கவில்லை.

அவர்களுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. மகன் திருப்பூரில் காம்பேக்டிங் யூனிட் நடத்திவந்தார். பின்னிய துணியை நீராவியில் காட்டி, சூடான உருளைகளுக்கிடையே ஓட்டி, அளவு பிடித்துத் தரும் தொழில். ஆள் வராத நாளில் முதலாளிதான் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். ஆள் வராத நாட்களே அதிகம். கல்யாணமாகி வருஷங்கள் போயும் குழந்தை இல்லை. மருமகளைத்தான் ஊர் ஊராக அழைத்துப்போய்க் காட்டினார்கள். எங்களிடம் வந்தபோது, எந்த டாக்டர் என்ன மாத்திரை கொடுத்தார் என்பதை அந்தப் பெண் மனப்பாடமாகச் சொன்னாள். மகனுக்கு ஒரு பரிசோதனைகூட நடந்திருக்கவில்லை.

எங்கள் டாக்டரம்மா இருவரையும் பார்க்காமல் சிகிச்சை தொடங்குவதில்லை. மகன் அரைமனதாக மாதிரி கொடுத்தார். மருமகளின் சினைப்பையில் குறையொன்றும் இல்லை. குறை அவர் பக்கம் இருந்தது. அணுக்கள் மிகக் குறைவு, இருப்பவற்றிலும் பெரும்பாலானவை நகரவில்லை. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். நோயாளி வேண்டாமென்றால் நாங்கள் வாய்திறக்கக் கூடாது. மருமகளும் வாய்திறக்கவில்லை. அடுத்தடுத்த வருகைகளில் மாமியாரின் ஏச்சுகளைக் கேட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் அந்த அம்மா டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டார். இந்தப் புள்ளைக்குக் கரு நிற்குமா நிற்காதா, ஒரே வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். குண்டடத்தில் மகனுக்கு இரண்டாந்தாரமாக ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறது, அவர்கள் பதில் கேட்கிறார்கள். நான் ஏதோ அறிக்கையுடன் அறைக்குள் நின்றிருந்தேன். டாக்டரம்மா மகனைப் பார்த்தார். அவர் அம்மா பக்கம் திரும்பினார்.

“அவளுக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. கோளாறு எம்பட பக்கந்தானுங்க” என்றார்.

அந்த அம்மா நம்பவில்லை. பெண்டாட்டிக்காகப் பொய் சொல்கிறான் என்றார். அப்போது மகனே, “வேணும்னா அவங்களுக்குக் காட்டுங்க மேடம்” என்றார். அன்று கொடுத்திருந்த மாதிரி நுண்ணோக்கியின் கீழ்தான் இருந்தது. அப்படித்தான் அந்த அம்மா என் திரை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

முதலில் ஆரோக்கியமான விந்தணுக்களின் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். மழைக்காலத்து ஈசல்போல அவை மொய்த்து ஓடின. பிறகு அவர் மகனுடையது. விரலை எடுத்த பிறகு அவர் மெல்லக் கேட்டார்: “நான் பெத்ததே இப்படியாங்க அம்மிணி?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விந்தணு உடம்பிலேயே மிகச் சிறிய அணுக்களில் ஒன்று. தலையில் அப்பன் வழி வரும் பாதிச் சரக்கு, கழுத்தில் ஓடுவதற்கான விசை, பின்னால் வால், அவ்வளவுதான். வயதுக்கு வந்த நாள்முதல் ஓர் ஆணின் உடம்பு அதைப் புதிது புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். ஒன்று உருவாகி முடிய ஏறக்குறைய மூன்று மாதம். சூடு அதற்கு ஆகாது. அதனால்தான் அது உருவாகும் இடம் வயிற்றுக்கு வெளியே இருக்கிறது. மெஷின் சூடு ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்றேன்.

கருமுட்டை வேறு மாதிரி. ஊசி முனையால் தொட்டு வைத்த புள்ளி அளவு. கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். தானாக நீந்தாது. தாயின் பாதியோடு, கரு முதல் சில நாள் பிழைத்திருக்கத் தேவையான சத்தையெல்லாம் அதுதான் சுமந்திருக்கிறது. ஒரு பெண் பிறப்பதற்கு முன்பே அவளுக்கான முட்டைகள் அத்தனையும் உருவாகிவிடும். அதன்பிறகு குறையுமே தவிர அதிகமாகாது. ஆணா பெண்ணா என்பது விந்தணு கொண்டுவரும் பாதியைப் பொறுத்தது என்பதையும் சொன்னேன்.

அவர் கடைசி விஷயத்தைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. “அப்ப இந்தப் புள்ளகிட்ட இருக்கறது வருஷம் போகப் போகக் குறையுமுங்களா?” என்றார். ஆமாம் என்றேன். தாங்கள் வீணடித்தது எதுவென்று அவருக்கு அந்த நொடியில் புரிந்திருக்க வேண்டும். எழுந்து வெளியே போனார்.

காத்திருப்போர் கூடத்தில் மகனருகே நின்று, “சொல்லிப்போடட்டுமா கண்ணு?” என்று கேட்டார். மகன் தலையசைத்தார். அத்தனை பேர் நடுவில் குண்டடத்துக்குப் போன் போட்டார். “பொண்ணு வேண்டாமுங்க. வைத்தியம் எம் பையனுக்குத்தானுங்க. எம் மருமக நல்லாத்தான் இருக்கறா.” பிறகு மருமகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மகன் மெஷினை விட்டு விலகினார், சிகரெட்டையும் விட்டார். சில மாதங்களில் எண்ணிக்கை கூடியது, ஆனால் போதவில்லை. ஆகவே நாங்களே ஒன்று சேர்க்க வேண்டியதாயிற்று. கண்ணாடிக் குழாய் நுனியில் கருமுட்டையைப் பிடித்துக்கொண்டு, நன்றாக நீந்தும் ஒரே ஒரு விந்தணுவைத் தேர்ந்தெடுத்து, முடியைவிட மெல்லிய ஊசியால் உள்ளே செலுத்தினேன். மறுநாள் முட்டைக்குள் இரண்டு சிறு வட்டங்கள் அருகருகே தெரிந்தன. ஒன்று அவளுடையது, ஒன்று அவனுடையது. அந்த முறை கரு தங்கவில்லை. அந்த அம்மாதான் மருமகளைக் கைபிடித்துக் காருக்கு அழைத்துப்போனார். இரண்டாம் முறை தங்கியது.

பெண் குழந்தை. பார்க்க வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பொண்ணாப் போச்சே என்று இழுத்தாராம். “அதுவும் எம் பையன் குடுத்ததுதானுங்க” என்று இவர் சொன்னதை மருமகள் என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் சொன்னதை அன்றே கேட்டுத்தான் இருந்திருக்கிறார்.

அண்மையில் ஒரு காலையில் புதிதாக ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். மனைவியின் பெயரை நர்ஸ் கூப்பிட்டதும் அவர் முந்திக்கொண்டு எழுந்தார்.

“எனக்கு மொதல்ல பாருங்க மேடம். எங்க பெரியம்மா அப்படித்தான் சொல்லி அனுப்புனாங்க.”

எந்தப் பெரியம்மா என்று நான் கேட்கவில்லை; கேட்கக் கூடாது. அவரே சொன்னார். உடுமலைப்பேட்டைப் பெரியம்மா, ஒரு சீர் விசேஷத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாராம், பொண்ணையே எத்தனை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போவீங்க, பையனைக் காட்டினீங்களா என்று. மாதிரி எடுக்க மூடிபோட்ட சிறு டப்பாவை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். அவர் மனைவி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.