விழும்போது பார்த்த ஏரி

மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கையில் ஏணியிலிருந்து விழுந்தவருக்கு முறிந்த கால் கூடிவிட்டது, பயம் போகவில்லை. வேலைக்குப் போகாமல் வீட்டிலும் இருப்புக் கொள்ளவில்லை. விழுந்தபோது கண்ணில் பட்ட ஏரியைக் கூடத்துச் சுவரில் பச்சையும் நீலமுமாக இழுப்பார், அழிப்பார், மறுபடியும் இழுப்பார்.

“இதுல ஏரி எங்கங்க? தரை துடைச்ச துணி மாதிரில்ல இருக்கு,” என்றாள் மனைவி.

“விழுறவனுக்கு அப்படித்தான்டி தெரியும்.”

“வானத்தைக் காணோமே?”

“கை எட்டல.”

அவள் ஏணியைக் கொண்டுவந்து சாத்திப் பிடித்துக்கொண்டாள். “ஏறுங்க. விழுந்தா என் மேலதான், மெத்துனு இருக்கும்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறினார், இறங்கினார், திரும்பவும் ஏறினார்.

“அந்த நீல டப்பாவ எடு.”

“எடுக்கணும்னா ஏணிய விடணுமே!”

“விடு,” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.